குருமனை வாசலில் ஓர் அட்டைப்பெட்டி

உரோமையில் மேற்படிப்பில் இருக்கும் அயல்நாட்டுக் குருக்கள் பலர் கோடை விடுமுறையில் இத்தாலியப் பங்குகளுக்கு உதவியாகச் செல்வது வழக்கம். 2008-ஆம் ஆண்டில் நானும் அவ்வாறே, தெற்கே பூலியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிற்கு ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய இரு மாதங்களுக்கு அனுப்பப்பட்டேன். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால், வாசலில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் எழுந்து நிற்கவும் வலுவற்ற ஒரு நாய்க்குட்டி.

இரக்கப்பட்டு முதலில் நான் செய்ததே தவறாய் முடிந்தது. நம் வீட்டுப் பழக்கத்தில் பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி வைத்தேன். ஆவலோடு நக்கிக் குடித்தது. இரவு முழுவதும் கழிந்தது. தாய்நாயின் பாலைவிடப் பசும்பாலில் பாற்சர்க்கரை மிகுதி, அது குட்டியின் வயிற்றுக்கு ஒவ்வாது என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். பாற்பற்களைப் பார்த்து, வயது ஆறு வாரம் என்றார். குட்டிகளுக்கென விற்கும் உணவை வெந்நீரில் ஊறவைத்துச் சிறுகச் சிறுக நாளைக்கு நான்கு முறை ஊட்டினேன்.

வயிறு தேறியதும் முதல் தடுப்பூசி. இரத்தக் கழிச்சலுண்டாக்கும் பார்வோ என்னும் கொடிய நோய்க்கும் வேறு சில நோய்களுக்கும் அது காப்பு. ஆனால் ஓர் ஊசியோடு முடிவதில்லை. மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாகப் பதினாறாம் வாரம்வரை தொடர்தல் வேண்டும். மூன்றாம் ஊசி அக்டோபரில் விழும். நானோ அப்போது உரோமையில் இருப்பேன். அங்கே மாணவர் விடுதியில் நாய்க்கு இடமில்லை. வேலை ஒப்பந்தத்தின்பேரில் வெளிநாடு சென்றிருக்கும் நம் பிள்ளைகளும் இக்கணக்கைத்தான் முதலில் போட வேண்டும். நான் போடவில்லை.

ஆகஸ்டு 16, புனித ரோக்குவின் திருநாள். பிணியுற்றுக் கிடந்த அவருக்கு ஒரு நாய் அப்பம் கொணர்ந்த கதையை அறியாதார் அவ்வூரில் இல்லை. தெருச் சிறுவர்கள் குட்டிக்கும் ரொக்கோ என்றே பெயரிட்டுவிட்டனர். அவர்களோடு காய்ந்த வயலில் ஓடித் திரிந்து வந்தவன், ஒரு மாலை தலையை ஒருபுறம் சாய்த்து ஓயாமல் உதறினான். காட்டுவாற்கோதுமையின் கூர்முள் ஒன்று காதினுள் நுழைந்திருந்தது. அம்முள்ளின் சுணை ஒரே திசையில் அமைந்திருப்பதால், உதற உதற உள்ளேதான் செல்லுமாம். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அதை எடுத்தார். மணலீ கடித்துப் பரப்பும் லீஷ்மேனியா என்ற நோயும் அப்பகுதியில் உண்டு. அந்தி சாய்ந்தபின் குட்டியை வெளியே விடலாகாதென்று எச்சரித்தார்.

இத்தாலியில் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லுதல் கூடாது. நகராட்சியே காப்பகத்தில் பேண வேண்டும். நல்ல சட்டம்தான். ஆயினும் எடுத்து வளர்ப்பார் இன்றிக் கம்பிக்குள்ளேயே ஆயுளைக் கழிக்கும் நாய்கள் தெற்கில் ஏராளம். ரொக்கோவை அங்கே விட எனக்கு மனம் வரவில்லை.

எதிர்வீட்டு மூதாட்டியிடம் கேட்டேன். லீஷ்மேனியாவுக்குத் தம் நாயைப் பறிகொடுத்தவர் அவர். "இன்னொன்றைப் புதைக்க என்னால் முடியாது சாமி" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நான் மீண்டும் கேட்கவில்லை. ஆனால் மறுவாரம் முதல் நாள்தோறும் மாலை வேளையில் எங்கள் வாசலுக்கு வந்து, குட்டியை உள்ளே எடுத்தாயிற்றா என்று அதட்டத் தொடங்கினார்.

செப்டம்பர் இறுதியில் குட்டியின் தோலுக்கடியில் அரிசி மணியளவான அடையாளச் சில்லு பொருத்தப்பட்டு, நாய்ப் பதிவேட்டில் அம்மூதாட்டியின் பெயர் ஏறியது. மூன்றாம் ஊசிக்குரிய நாளை அவர் சமையலறை நாட்காட்டியில் தம் கையாலேயே குறித்துக்கொண்டார். நான் விடைபெற்ற காலை ரொக்கோ தலை நிமிரவில்லை. தட்டில் இன்னும் உணவு மீதமிருந்தது.