கோல்ட் வாக்கர் சுழல்துப்பாக்கி: தேய்மானமும் உறுப்பு முறிவும்

பழந்துப்பாக்கிகளில் காணப்படும் சேதங்கள் அனைத்தையும் காலமுதிர்வின் விளைவாகக் கருதுதல் பொருந்தாது. 1847-இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் உருவாக்கப்பட்ட கோல்ட் வாக்கர் சுழல்துப்பாக்கி இதற்குத் தக்க சான்றாகும். அதன் உருளையின் ஒவ்வோர் அறையும் 60 கிரெயின் (ஏறத்தாழ 3.9 கிராம்) கரிமருந்து கொள்ளும். அவ்வெடியழுத்தத்தைத் தாங்காமல் சில உருளைகள் புதியனவாக இருந்தபோதே பிளந்தன. குண்டைத் திணிக்கும் நெம்புகோல் பின்னுதைப்பில் கழன்று சரிந்து, உருளை சுழல்வதைத் தடுத்தது. மாறாக, குழலைச் சட்டகத்தோடு பிணைக்கும் ஆப்பு தளர்வது நெடும்பயன்பாட்டுத் தேய்மானமாகும்.

1848-இல் வெளிவந்த டிராகூன் வகையில் உருளையின் நீளமும் மருந்தின் அளவும் குறைக்கப்பட்டன. நெம்புகோலின் முனையைப் பற்றும் கொக்கியும் அமைந்தது. முந்தைய முறிவுகளுக்கு மிகைச்சுமையும் வடிவமைப்புக் குறையுமே காரணம் என்பதை இத்திருத்தங்கள் உணர்த்துகின்றன. எனவே அருங்காட்சியகப் பதிவுகள் தேய்மானத்தையும் முறிவையும் வேறுபடுத்திக் குறித்தல் இன்றியமையாதது.