பட்டா நிலத்தில் பறவைக்கும் பங்கு

காடென்றால் அரசுக்கு உரியது, வயலென்றால் உழவனுக்கு உரியது என்று பிரித்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பறவைகளோ இப்பாகுபாட்டை அறியா. சரணாலயத்தில் கூடு கட்டும் நாரை, இரை தேடிப் பட்டா நிலத்திற்கே வருகின்றது. ஆதலின், நிலவுடைமையாளரின் இசைவின்றி எந்தச் சரணாலயமும் நெடுநாள் நிலைத்திருக்க இயலாது.

திருத்தணிப் பகுதியில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள நெசவாளர் ஊராகிய அம்மையார்குப்பத்தில் வாழ்வோர், "நம்மிடம் காடு ஏது, யானை ஏது? நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று வினவக்கூடும். ஏரியும், கரைமரங்களும், கொல்லையில் ஒரு புளியமரமும் உள்ள எந்த ஊருக்கும் இதில் தொடர்பு உண்டு. சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவும் வேண்டியதில்லை.

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலை நம்மில் பலர் பிள்ளைகளுடன் சென்று கண்டிருப்போம். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரையும், கரண்டிவாயனும், நீர்க்காகமும், வக்காவும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. இவற்றை முதலில் காத்தவர்கள் அதிகாரிகளல்லர், அவ்வூர் விவசாயிகளே. வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். அதன் பயனாக, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில், அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களின் உரிமையைப் பட்டயமாக எழுதிக் கொடுத்தார்.

அவ்வாறு முறையிடத் தூண்டியது இரக்கம் மட்டும்தானா? அன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர், வயலுக்கு உரநீராகப் பாய்ந்தது. பறவை இருந்தால் விளைச்சல் பெருகும் என்பதை உழவர் கண்ணாரக் கண்டிருந்தனர். பயனும் பரிவும் ஒன்றுசேர்ந்ததனால்தான் அந்தக் காவல் இரு நூற்றாண்டுகளைக் கடந்து நின்றது என்பது எமது கருத்து. இதைச் சுயநலம் என்று இகழ்வது முறையாகாது.

1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள நிலம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் வயல்களும் வீடுகளும் தனியார் நிலங்களும் அடங்கும். 2020-இல் அந்த எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் திட்டம் எழுந்தபோது பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. சுற்றியுள்ள வயல்களும் சிற்றேரிகளுமே பறவைகளின் உணவுக்களம். அவற்றை விட்டுவிட்டு ஏரியை மட்டும் காப்பது, அடுக்களையை இடித்துவிட்டுப் படுக்கையறையைப் பூட்டி வைப்பதை ஒக்கும்.

வேடந்தாங்கலில் ஆதாயம் கண்கூடு. ஆதாயத்திற்கு மாறாக இழப்பே நேரும் இடத்தில் என்ன செய்வது? இதற்கு விடை கர்நாடக மாநிலம் மண்டியா மாவட்டத்துக் கொக்கரேபெள்ளூரில் உள்ளது. அங்கே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டுக் கொல்லைகளிலுள்ள புளியமரங்களிலும் அரசமரங்களிலுமே கூடு கட்டுகின்றன. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வரும் மகளைப் போல அவ்வூர்ப் பெண்கள் இப்பறவைகளைக் கருதுவர். எனினும் மகள் தங்கும் மரத்தில் புளி காய்ப்பதில்லை! எச்சம் படிந்து விளைச்சல் குன்றுகின்றது. முற்றமெங்கும் மீன் நாற்றம். ஏழைக் குடும்பத்திற்கு ஒரு புளியமரத்தின் வருவாய் சிறிதன்று. மரத்தை வெட்டி விற்றால் கையில் உடனே பணம்.

1976-இல் எஸ். ஜி. நெகின்ஹால் என்னும் வனத்துறை அதிகாரி இவ்வூரின் சிறப்பை வெளியுலகிற்கு எடுத்துரைத்தார். அதன்பின், கூடு தாங்கும் மரங்களின் உரிமையாளர்களுக்கு இழப்பீடு வழங்கும் ஏற்பாடு பிறந்தது. 1990-களில் ஊர் இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து, கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்க்கலாயினர். 2007-இல் அவ்வூர் சமூகக் காப்பகம் ஆயிற்று. இத்தகைய இழப்பீடு உரிய காலத்தில், உரிய அளவில் வந்து சேர வேண்டும். பாராட்டு மடல் புளிக்கு ஈடாகுமா?

பெருநில உடைமையாளரும் இதில் சேரலாம் என்பதற்கு வால்பாறை சான்று. அங்கே தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு இடையே மழைக்காட்டின் துண்டங்கள் எஞ்சி நிற்கின்றன. அவற்றில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் தோட்ட நிறுவனங்களுடன் உடன்பாடு செய்துகொண்டு, நாட்டு மர நாற்றுகளை வளர்த்து அத்துண்டங்களில் நட்டு வருகின்றனர். நிலம் நிறுவனத்தினுடையதாகவே இருக்கின்றது.

இறுதியாகச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். தம் நிலத்தை மனமுவந்து காப்பகமாக்க விரும்பும் தனியாருக்கும் ஊராருக்கும் 2002-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் வழி திறந்தது. நிலவுரிமை மாறாது. ஆனால் அறிவிப்பு வெளியான பிறகு, நிலத்தின் பயன்பாட்டை விருப்பம்போல் மாற்ற முடியாது. நிருவாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். தனியார் நிலமாயின் அக்குழுவில் உரிமையாளரும், வனத்துறையின் பேராளரும், ஊராட்சியின் பேராளரும் இடம்பெற வேண்டுமென 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. மகள் திருமணத்திற்கோ மகன் படிப்பிற்கோ நிலத்தை நம்பியிருக்கும் குடும்பம், இந்த நிபந்தனையை நன்கு அறிந்து, வீட்டில் அனைவரும் கலந்து பேசிய பின்னரே கையொப்பமிடல் வேண்டும். ஊரில் கூட்டம் கூட்டிப் பேச வரும் அதிகாரிகளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.