எல்க் வேட்டையில் துப்பாக்கித் தாங்கி

துப்பாக்கித் தாங்கி என்பது குறிபார்த்துச் சுடும்போது ரைபிளின் அசைவைக் குறைப்பதற்காக அதன் முன்பகுதிக்கு முட்டுக் கொடுக்கும் கருவி ஆகும். வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் நடந்து சென்று எல்க் மான்களை வேட்டையாடுவோர் இதனைப் பரவலாகப் பயன்படுத்துகின்றனர். எல்லாவற்றையும் முதுகில் சுமந்தே மலையேற வேண்டியிருப்பதால், எந்தத் தாங்கியை எடுத்துச் செல்வது என்பது இவ்வேட்டையில் முக்கியமான கேள்வியாகும்.

எல்க் அல்லது வாப்பிட்டி, கடமானை விடப் பெரிய மான் இனமாகும். முதிர்ந்த ஆண் மான் 300 கிலோகிராமுக்கும் கூடுதலான எடை கொண்டது. ஐரோப்பாவில் எல்க் என்னும் பெயர் மூஸ் எனப்படும் வேறொரு விலங்கைக் குறிக்கும். உலகில் மிக அதிகமான எல்க் மான்கள் கொலராடோ மாநிலத்தில் வாழ்கின்றன.

தேவை

எல்க்கின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி, பக்கவாட்டில் பார்க்கையில் ஏறத்தாழ 35 செ.மீ. விட்டம் கொண்டது. குண்டு இங்கு பட்டால் விலங்கு விரைவில் இறந்துவிடும். வயிற்றிலோ காலிலோ பட்டால் காயத்துடன் காட்டுக்குள் ஓடி, எவர் கண்ணிலும் படாமல் நெடுநேரம் துன்புற்று இறக்க நேரிடலாம்.

அசைவின் விளைவை எளிய கணக்கால் அறியலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள ரைபிளின் அடிக்கட்டை தோளில் நிலையாக இருக்க, குழலின் முனை 1 மி.மீ. மட்டும் விலகுவதாகக் கொள்வோம். குண்டு 100 மீட்டர் தொலைவில் 10 செ.மீ. விலகும், 300 மீட்டரில் 30 செ.மீ. விலகும். அதாவது, நடுப்புள்ளியைக் குறிவைத்த குண்டு மேற்கூறிய வட்டத்துக்கு வெளியே போய்விடும். காற்று அடர்த்தி குறைந்த மலைச்சரிவில் ஏறி மூச்சு வாங்குபவரின் கைகளில் 1 மி.மீ. அசைவு மிகச் சாதாரணம்.

வகைகள்

ரைபிளின் முன்கட்டையிலேயே பொருத்தப்படும் இருகால் தாங்கி ஏறக்குறைய 400 கிராம் எடை உடையது. படுத்துச் சுடுவதற்கு இது மிகவும் உறுதியானது. ஆனால் குட்டையான கால்களைக் கொண்ட வகை, எல்க் வாழும் நிலத்தில் பெரும்பாலும் பயன்படுவதில்லை. படுத்தவரின் பார்வையை உயர்ந்த புல்லும் சேஜ்பிரஷ் புதரும் மறைத்துவிடும்.

குறுக்காகக் கட்டிய இரண்டு கோல்கள் பழமையான முறையாகும். 1870களில் பெருஞ்சமவெளிகளில் பைசன் எருதுகளைச் சுட்டவர்கள் இவற்றைப் பயன்படுத்தினர். இன்று மலையேறுவோர் தம் ஊன்றுகோல்களையே இவ்வாறு குறுக்காகப் பிணைத்துக்கொள்வதுண்டு. இதனால் கூடுதல் சுமை இல்லை. உட்கார்ந்து சுடுவதற்கு இவை ஏற்றவை.

நின்றும் மண்டியிட்டும் சுடுவதற்கு முக்காலியே மிக உறுதியானது. சரிவுகளை இருகண் தொலைநோக்கியால் மணிக்கணக்கில் துழாவும்போது அதனையும் தாங்கும் என்பதால், அதன் எடை வீணன்று. எனினும் விரித்து உயரம் சரிசெய்ய நேரமாகும். மேலும் ரைபிளின் முன்பகுதியை மட்டும் தாங்குவதால் அடிக்கட்டை மேலும் கீழும் ஆடும். இதைத் தவிர்க்க முழங்கைக்கு அடியில் முதுகுப்பையையோ முழங்காலையோ முட்டாகக் கொடுக்கலாம். எந்தத் தாங்கியிலும் முன்கட்டையே தங்க வேண்டும். குழல் நேரடியாகத் தொட்டால் குண்டு படும் இடம் மாறிவிடும்.

தெரிவு

தாங்கிகளை எடையைக் கொண்டே ஒப்பிடுவது வழக்கம். ஆனால் எடைக்கு முன்னர் உயரத்தையும், அமைக்க ஆகும் நேரத்தையும் பார்ப்பதே பொருத்தமானது. அடர்ந்த காட்டில் எல்க் சில நொடிகளே கண்ணில் படும். அங்கே முக்காலியை விரிப்பதற்குள் அது மறைந்துவிடும். மரத்தின் மீது கையை ஊன்றி, அக்கையின் மேல் முன்கட்டையை வைப்பதே போதும். திறந்த சரிவுகளில் 200 மீட்டருக்கு அப்பால் மேயும் மானுக்கு முக்காலி ஏற்றது. இரண்டிலும் மாறிமாறி நடப்பவர்களுக்கு ஊன்றுகோல்களே நல்ல இடைவழி. தோட்டா அகற்றப்பட்ட ரைபிளை வைத்துக்கொண்டு, நிற்கும் நிலையிலிருந்து தாங்கியை அமைத்துக் குறிபார்க்க எத்தனை நொடிகள் ஆகின்றன என்பதை வேட்டைக்காலத்துக்கு முன்பே அளந்து பார்க்கலாம்.