ஆயக்கட்டை நடத்தும் முறை

ஏரிப் பாசனத்தில் ஒருவருடைய பயிர் அவருடைய உழைப்பினால் மட்டும் விளைவதில்லை. நல்ல விதை தேர்ந்து, பருவத்தில் நடவு செய்து, தழையும் எருவும் குறைவின்றி இட்ட விவசாயி, மேல்மடைக்காரர் ஒருவர் இரவில் வாய்க்காலைத் திருப்பிக்கொண்ட காரணத்தால், பூக்கும் தருணத்தில் பயிரைப் பறிகொடுக்க நேரிடுகிறது. தமிழ்நாட்டில் ஏரிகளும் கண்மாய்களும் ஏறக்குறைய 39,000 உள்ளன. இவற்றுள் ஒவ்வொன்றும் பல குடும்பங்கள் கூடி நடத்தவேண்டிய பொதுக் காரியமாகும். அதை முன்னின்று நடத்துவோர் எவ்வழியைப் பற்றினால் நீரும் ஊர் ஒற்றுமையும் ஒருங்கே நிலைக்கும் என்பதை இங்கு எடுத்துக் கூறுவோம்.

தண்ணீர்ச் சச்சரவுகளுக்கு மனிதருடைய தீய எண்ணமே காரணம் என்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் அது சரியன்று. தமது முறை எப்போது வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது நிச்சயமாய்த் தெரியாதவர், நீர் வந்தபோது வேண்டியதற்கு மேல் கட்டிக்கொள்ள நினைப்பது இயல்பேயாகும். வெறும் கட்டாயத்தால் இதைச் சீர்செய்ய இயலாது. சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டில் குடிமராமத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியும், அவ்வழக்கம் பல ஊர்களில் நலிந்தே போயிற்று. ஆகையால் தலைமை வகிப்போரின் முதற்கடமை அதட்டுவதன்று. நீரை அளந்து, முறையை முன்கூட்டியே வகுத்து, அதை யாவரும் அறியச் செய்வதேயாம்.

குறையைக் கண்டறிதல்

கூட்டம் கூடிப் பேசுவதற்கு முன், வரத்துக் கால்வாய் முதல் கடைமடை வரை நடந்து பார்த்தல் வேண்டும். தலைவர் தனியே செல்லலாகாது. மேல்மடை, நடுமடை, கடைமடை ஒவ்வொன்றிலிருந்தும் இருவரையாவது உடன் அழைத்துச் செல்லவேண்டும். எல்லோரும் ஒரே குறையை ஒரே சமயத்தில் கண்ணாற் கண்டால், பின்னர் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

முதலாவது, ஏரிக்கு நீர் வந்து சேர்வதில் குறையா, அன்றி வந்த நீரைப் பங்கிடுவதில் குறையா என்று தெளியவேண்டும். வரத்துக் கால்வாய் தூர்ந்திருத்தல், ஆக்கிரமிப்பு, கலிங்கு உடைந்திருத்தல், மதகின் கதவு ஒழுகுதல் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. மேல்மடை வயல்களிலிருந்து நீர் வடிகாலுக்கு வழிந்தோடும்போதே கடைமடை வெடித்துக் கிடக்குமாயின், அது இரண்டாம் வகையாகும். முதல் வகைக்குப் பணமும் சர்க்கார் உதவியும் வேண்டும். இரண்டாம் வகைக்கு ஒழுங்கு ஒன்றே போதும்.

நீரை அளத்தல்

மதகின் நீரை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. வாய்க்காலில் நேரான ஒரு பகுதியில் 30 அடி அளந்து, இரு முனையிலும் முளை அடிக்கவேண்டும். சிறு மரத்துண்டு ஒன்றை மிதக்கவிட்டு, அது அத்தூரத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகின்றது என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும். உதாரணமாக, வாய்க்காலின் அகலம் 2 அடி, ஆழம் 9 அங்குலம், நேரம் 36 விநாடி என்று கொள்வோம். குறுக்குப் பரப்பு 1.5 சதுர அடி. வேகம் விநாடிக்கு 0.83 அடி, இரண்டையும் பெருக்க 1.25 வருகிறது. மேல்நீர் அடிநீரைவிட விரைந்து ஓடுவதால், இதில் 5-இல் 4 பங்கையே கணக்கில் கொள்ளவேண்டும். ஆகவே அவ்வாய்க்காலில் விநாடிக்கு 1 கன அடி நீர் ஓடுகிறது.

விநாடிக்கு 1 கன அடி என்றால் ஒரு மணி நேரத்திற்கு 3,600 கன அடியாகும். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரம் நீர் நிறுத்த 3,630 கன அடி வேண்டும். ஆதலால் இந்த ஓட்டம் மணிக்கு ஒரு ஏக்கர் வீதம் ஒரு அங்குலம் பாய்ச்சும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நெற்பயிருக்கு ஒரு தடவைக்கு 2 அங்குலம் பாய்ச்சினால், ஏக்கருக்கு 2 மணி நேரம் ஆகும்.

அதே அளவையைக் கடைமடையிலும் செய்து பார்க்கவேண்டும். வழியில் கசிவினால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பின், கடைமடை ஏக்கருக்கு 2½ மணி நேரம் கொடுத்தால்தான் நீர் சமமாகும். நேரத்தைச் சமமாக்குவது நியாயமாகத் தோன்றும். நீரைச் சமமாக்குவதே நியாயமாகும்.

முறை வைத்தல்

60 ஏக்கர் ஆயக்கட்டில், சராசரி ஏக்கருக்கு 2¼ மணி வீதம் ஒரு சுற்றுக்கு 135 மணி நேரம் ஆகும். சுற்றைச் சரியாக 6 நாள் என்று வைத்தால், இரவு முறை எப்போதும் அதே ஆட்களுக்கே விழும். 6½ நாள் என்று வைத்தால், ஒரு சுற்றில் இரவில் பாய்ச்சியவர் அடுத்த சுற்றில் பகலில் பாய்ச்சுவார். மிஞ்சும் 21 மணி நேரம் வாய்க்கால் நிரம்புவதற்கும் உடைப்பு அடைப்பதற்கும் உதவும்.

நெல்வயலில் எக்காலமும் நீர் தேங்கி நிற்கவேண்டும் என்பதில்லை. நட்ட நாற்று வேர்பிடித்த பின்னர், தேங்கிய நீர் வற்றிய பிறகு மீண்டும் பாய்ச்சினாற் போதும். துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, அதில் நீர் மண்மட்டத்திற்குக் கீழே 6 அங்குலம் இறங்கியபின் பாய்ச்சுவது நல்ல அடையாளமாகும். ஆனால் பூக்கும் காலத்திற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் வயல் காயலாகாது. இதற்காக ஆயக்கட்டு முழுவதும் ஒரே பட்சத்திற்குள் நடவை முடிப்பது நலம்.

ஏரி பாதியே நிரம்பிய ஆண்டில், சாகுபடிப் பரப்பைச் சுருக்கும் தீர்மானம் நாற்று விடுவதற்கு முன்பே செய்யப்படவேண்டும். இலங்கையின் ஏரிப் பாசனப் பகுதிகளில் 'பெத்ம' என்றொரு வழக்கம் உண்டு. வறண்ட போகத்தில் ஏரிக்கு அண்மையிலுள்ள நிலத்தை மட்டும் சாகுபடிக்கு எடுத்து, பங்குதாரர் அனைவருக்கும் அவரவர் நில வீதப்படி அப்போகத்திற்கு மாத்திரம் பிரித்துக் கொடுப்பர். நஷ்டம் கடைமடைக்காரர் தலையில் மட்டும் விழாதபடி செய்யும் ஏற்பாடு இது.

மதகும் கணக்கும்

மதகைத் திறந்து மூடும் பொறுப்பு நீர்க்கட்டியிடமே இருக்கவேண்டும்; தலைவரும் தம் கையால் அதைத் தொடலாகாது. வடபகுதிகளில் கம்புக்கட்டி என்றும் வழங்கும் இவருக்குரிய கூலியை அறுவடைக் களத்திலேயே, குறைவின்றியும் மரியாதையோடும் அளிக்கவேண்டும். கூலிக்காக ஒரு சிலரை நாடி நிற்கும் நீர்க்கட்டியால் நடுநிலை காக்க முடியாது.

முறை தவறியவருக்கு முதல் தடவை எச்சரிக்கை, அடுத்து சிறு தண்டம், பின்னர் கூடுதல் தண்டம் என்று படிப்படியாக விதிக்கவேண்டும். தலைவரின் உறவினருக்கும் அதே தண்டமே. கிணறு உடையோர் சிலர் ஏரி மராமத்தில் சேராது ஒதுங்குவதுண்டு. ஏரியில் நீர் நின்றால்தான் சுற்றுப்புறக் கிணறுகளில் ஊற்று நிலைக்கும் என்பதை அவர்களுக்கு எடுத்துக்காட்டி, மராமத்தில் பங்கு பெறவேண்டும்.

வரவு செலவை ஒவ்வொரு போக முடிவிலும் கூட்டத்தில் படித்துக் காட்டவேண்டும். பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட சாசனங்களின்படி, ஏரி வாரியத்திற்குக் குடவோலை மூலம் ஓராண்டுக்கே ஆட்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தேர்வுக்கு அருகரல்லர். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்விதி பழுதடையவில்லை. தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அமையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் இதையே கடைப்பிடித்தல் நலம்.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர் எந்தக் கட்சியையும் சேராமல் அடங்கலையும் புலப்படத்தையும் கூட்டத்தின்முன் வைத்தால், பரப்பைப் பற்றிய தகராறும் கால்வாய் ஆக்கிரமிப்பைப் பற்றிய தகராறும் பெரும்பாலும் அங்கேயே தீரும். தீர்ப்புச் சொல்வது ஊராரைச் சேர்ந்தது. உண்மை அளவை எடுத்து வைப்பது அதிகாரியைச் சேர்ந்தது.

ஆகவே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே ஆயக்கட்டுதாரர் ஒருநாள் கூடி, கால்வாயை நடந்து பார்த்து, முறைப் பட்டியலை எழுதிப் பொது இடத்தில் ஒட்டிவைப்பார்களாக. ஏரியில் நீர் நிறைந்திருக்கும்போது செய்துகொள்ளும் ஏற்பாட்டையே, நீர் குறைந்தபோது யாவரும் மதிப்பர்.