மூன்று டியூ பாக்கி... வண்டியைத் தூக்கிவிடுவார்களா? கார் கடன் வாங்கியவர்கள் கவனத்துக்கு!

ஆடி பிறந்துவிட்டால் மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு பக்கம் வாடகை கார் ஓட்டுபவர்களுக்குக் கல்யாண சவாரி நின்றுவிடும். மார்கழியிலும் அதே கதைதான். டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழா, தை பிறந்ததும் காணும் பொங்கல் என்று கடற்கரைக் கோயில் பக்கம் கூட்டம் வரும்போதுதான் கையில் கொஞ்சம் காசு புரளும். ஆனால், வண்டிக் கடனுக்கு ஆடியும் தெரியாது, தையும் தெரியாது. மாதா மாதம் குறித்த தேதியில் வங்கிக் கணக்கில் பணம் இருந்தாக வேண்டும்.

இந்தக் கடற்கரை ஊர்கள் கண்ட ஏற்ற இறக்கமும் கொஞ்சமல்ல. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது ஊரே உலகச் செய்தியானது. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூட வைத்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அடுத்த டிசம்பரில் மிக்ஜாம் மழை. ஒவ்வொரு அடியிலும் முதலில் நிற்பது சவாரி, அடுத்து நிற்பது தவணை.

ஒரு டியூ தவறும்போது, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று தோன்றும். இரண்டாவது தவறும்போது போனை எடுக்கவே பயம் வரும். மூன்றாவது மாதம் வண்டியை மாமனார் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி வைக்கலாமா என்று யோசனை போகும். உண்மையில், வண்டி கைவிட்டுப் போவதற்கு இந்த ஒளிந்துகொள்ளும் பழக்கமே பெரிய காரணமாகிவிடுகிறது.

90 நாள் கணக்கு

தவணை தவறிய நாளிலிருந்து 90 நாள் தாண்டினால் அந்தக் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். அதற்கு முன்பு 30 நாள், 60 நாள், 90 நாள் என்று மூன்று படிகளில் உங்கள் கணக்கைத் தனியாகக் கவனிப்பார்கள். வாராக்கடன் ஆன பிறகு பேசுவதைவிட, அதற்கு முன்பு பேசுவது இரு தரப்புக்கும் லாபம்.

ஆகவே, முதல் தவணை தவறும் என்று தெரிந்ததுமே கிளைக்கு நேரில் போங்கள். வெறும் கையோடு போகாமல், கடந்த 6 மாத வங்கிக் கணக்கு விவரம், வருமானம் குறைந்ததற்கான ஆதாரம், இப்போது எவ்வளவு கட்ட முடியும் என்ற கணக்கு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கடன் காலத்தை நீட்டித்து மாதத் தவணையைக் குறைக்கக் கேட்கலாம். பாக்கியை மட்டும் பிரித்துக் கட்ட அவகாசம் கேட்கலாம். கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆனால், வாயால் சொன்னதோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்த ஒரு தாள் பேசும்.

அபராதத்தையும் கவனியுங்கள். தாமதத்துக்கான அபராதத்தை வட்டியோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

சீஸ் செய்ய உரிமை உண்டா?

உண்டு. உங்கள் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் அடமானக் குறிப்பாகப் பதிவாகியிருக்கும். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் வண்டியை எடுக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கும். சில தவணை மட்டும் கட்டி நின்றுபோன ஒருவரின் வழக்கில், கடைசித் தவணை வரை நிறுவனமே உரிமையாளர் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், முறையான நோட்டீஸ் கொடுக்காததற்காக 15,000 ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. வண்டியை எடுக்கும் உரிமை இருந்தாலும், எடுக்கும் முறை சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

அடியாட்களை வைத்துக் கடன் வசூலிக்கக் கூடாது என்று 2007-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. 2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், ஆட்களை வைத்து வங்கிகள் வண்டியைப் பறிப்பது சட்டவிரோதம் என்றது. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக் பகுதியில் டிராக்டரை சீஸ் செய்யப் போன இடத்தில், விவசாயி ஒருவரின் கர்ப்பிணி மகள் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அதையடுத்து அந்த நிதி நிறுவனம் வெளி ஆட்களை வைத்து வண்டிகளை எடுக்க ரிசர்வ் வங்கி சில மாதங்கள் தடை போட்டது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

நிதி நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தத்தில் 6 விஷயங்களைத் தெளிவாக எழுத வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

1. வண்டியை எடுக்கும் முன் எத்தனை நாள் நோட்டீஸ்
2. எந்தச் சூழலில் நோட்டீஸ் இல்லாமல் எடுக்கலாம்
3. எடுக்கும் முறை என்ன
4. ஏலத்துக்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு
5. வண்டியைத் திரும்ப ஒப்படைக்கும் முறை
6. விற்பனை அல்லது ஏலம் நடத்தும் முறை

உங்களிடம் ஒப்பந்த நகல் இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்குங்கள்.

வழியில் மறித்தால்...

குடும்பத்தோடு ஈ.சி.ஆரில் போகும்போது நான்கு பேர் வண்டியை மறித்தால் என்ன செய்வது? சண்டை வேண்டாம். அடையாள அட்டையையும், நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். இரண்டும் அவர்களிடம் இருக்க வேண்டும். நடப்பதை செல்போனில் பதிவு செய்யுங்கள். கையை ஓங்கினாலோ, சாவியைப் பிடுங்கினாலோ 100-க்கு அழையுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் விதி.

வண்டியை ஒப்படைக்க நேர்ந்தால், டயர், ஸ்டெப்னி, பேட்டரி, மியூசிக் சிஸ்டம், கிலோமீட்டர் அளவு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் உங்கள் பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி போனாலும் கடன் போகாது

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 5 லட்சம் பாக்கி இருக்கும் கார் ஏலத்தில் 3.5 லட்சத்துக்குப் போனால், மீதி 1.5 லட்சத்தையும் ஏலச் செலவையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஜாமீன் போட்ட மனைவியையோ மச்சானையோ தேடி வருவார்கள். அதனால், சமாளிக்கவே முடியாது என்று தெரிந்தால், நிறுவனத்தின் அனுமதியோடு நீங்களே நல்ல விலைக்கு ஆள் பார்த்து விற்றுக் கடனை அடைப்பதே மேல்.

அனுமதி இல்லாமல் விற்பது மட்டும் கூடாது. ‘வண்டியை நீ ஓட்டிக்கோ, டியூவை நீயே கட்டிக்கோ’ என்று தெரிந்தவரிடம் கைமாற்றிவிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அவர் கட்டாவிட்டால் கெடுவது உங்கள் சிபில் ஸ்கோர். வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆர்பிட்ரேட்டரிடமிருந்து தபால் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். நீங்கள் போகாவிட்டாலும் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வரும்.

எங்கே போய் முறையிடுவது?

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். வழிகாட்டுதலுக்கு 14448. செங்கல்பட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வாடகை வண்டிக்கும் அங்கே வழக்குப் போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். லோக் அதாலத்தில் பேசி முடித்தால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே ஆகும் சமரசமே இறுதி.

பாக்கியைக் கட்டி முடித்ததும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அடமானக் குறிப்பை நீக்குங்கள். அடுத்த வண்டிக்குக் கடன் வாங்கும் முன், ஆடியிலும் மார்கழியிலும் எவ்வளவு வருமானம் வரும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அந்த மாதங்களிலும் கட்ட முடிகிற தவணைதான் உங்களுக்குத் தாங்கும் தவணை.