ஹந்தானை மலையிலிருந்து ஒரு கேள்வி: வாழும் வீடு யாருடையது?

கண்டி நகரிலிருந்து ஹந்தானை வீதியில் மேலே ஏறினால் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் காணலாம். 2001 முதல் அது தேயிலை நூதனசாலையாக இயங்குகிறது. பழைய இயந்திரங்கள் அங்கே பத்திரமாகப் பேணப்படுகின்றன. அது நல்ல காரியமே. ஆனால் அத்தகைய இயந்திரங்களை ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் மலைச்சரிவு லயன்களில் வாழ்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் காம்பராவுக்கு அவர்கள் பெயரில் ஓர் உறுதி உண்டா?

தம் காணியை விட்டு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. உழுத மண் ஒருவருடையது, பத்திரம் இன்னொருவருடையது என்ற நிலையை நீங்களும் அறிவீர்கள். ஆகவே மலையகத்தின் அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பறிபோனதும் திரும்பியதும்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டிப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்திலிருந்தே தமிழகத்துத் தொழிலாளர் தலைமன்னார் வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் அதே வழியில் மக்கள் நடைபயணம் சென்றனர்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க 1974இல் இணங்கின. எங்கே வாழ விருப்பம் என்று ஒப்பந்தத்துக்கு முன் அவர்களை யாரும் கேட்கவில்லை.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையான காலத்துப் பட்டினியும், 1977, 1983 வன்செயல்களும் பல குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் விரட்டின. கொழுந்து பறித்த கைகள் அங்கே காடு வெட்டி விவசாயம் செய்தன. ஆனால் பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்கக் காணி அனுமதிப்பத்திரம் எட்டாக்கனியாக இருந்தது.

1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்ற நிலை பெரும்பாலும் நீங்கியது. 1972இல் பேராசைகொள்ளாத ஒரு சிறு குழுவோடு கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடக்கிய வண. போல் கஸ்பர்ஸ் அடிகளார் போன்ற பலரின் நெடுங்காலக் குரலுக்கும் இதில் பங்குண்டு. வாக்கு வந்தது, அடையாள அட்டை வந்தது. காணி மட்டும் வரவில்லை.

உறுதி இல்லாவிட்டால் என்ன குறை?

1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்டது. ஹந்தானை அரசாங்கத்தின் ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையிடமே இருந்தது. நிர்வாகம் யாரிடம் இருந்தாலும் லயன் தோட்டத்தின் சொத்தாகவே கருதப்பட்டது. கூரையை மாற்றவும், ஓர் அறை கூட்டிக் கட்டவும் துரையின் அனுமதி வேண்டும். தோட்ட வேலையை விட்டவருக்கு வீடும் நிச்சயமில்லை.

பொதுச் சேவைகளும் தோட்ட எல்லையில் நின்றுவிட்டன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் செலவு செய்வதற்குத் தடையாக இருந்தது. வரி கட்டும் ஊர் ஒருபக்கம், வாக்கு மட்டும் போடும் தோட்டம் மறுபக்கம் என்று ஆயிற்று. 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

அனர்த்தம் வரும்போது இந்தக் குறை இன்னும் கடுமையாகிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. உயிர் தப்பியோர் புதிய வீடு கிடைக்கும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தற்காலிக இடத்தில் காத்திருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பெருஞ்சேதம் கண்டன. வீடு இழந்தவரிடம் உறுதி கேட்டால், லயன்வாசி எதைக் காட்டுவார்? உதவித் திட்டம் உறுதிக்காரருக்கு மட்டும் என்றிருக்கக்கூடாது. குடியிருந்த உண்மையே போதிய ஆதாரமாகக் கொள்ளப்பட வேண்டும். இது பிச்சையல்ல, நியாயம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பத்திரங்கள். பிறப்புப் பதிவு இல்லாதவருக்குக் காலங்கடந்த பதிவு செய்ய வழி உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். எல்லாப் பத்திரங்களுக்கும் பிரதி எடுத்து வேறோரிடத்தில் வையுங்கள்.

இரண்டாவது, பதிவு. ஒரு காம்பராவில் மூன்று குடும்பம் இருந்தால், மூன்றும் தனித்தனியே கிராம உத்தியோகத்தரிடம் பதியப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். 2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு வந்த அஸ்வெசும உதவி குடும்பத்தைக் கணக்கிட்டே வழங்கப்படுகிறது. பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யலாம்.

மூன்றாவது, எழுத்து. வாய்ப்பேச்சு காற்றோடு போகும். சரிவு அபாயம் என்று சொன்னால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேளுங்கள். நாட்டின் எப்பாகத்திலும் அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

நான்காவது, வீடு கிடைக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள். அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்கள் 7 அல்லது 10 பேர்ச் காணி என்கின்றன. எல்லை அளந்த வரைபடம் உண்டா? தருவது முழு உறுதியா, வெறும் கடிதமா? கணவன், மனைவி இருவர் பெயரும் உண்டா? கொழுந்துக் கூடையைச் சுமப்பவள் பெண். உறுதியில் அவள் பெயர் இல்லாவிட்டால் பாதி நியாயம்தான் கிடைத்தது.

தனியாகச் சென்றால், நாளை வா என்பார்கள். பத்துக் குடும்பங்கள் ஒரே மனுவில் கையொப்பமிட்டுச் சென்றால் கதிரை போட்டுப் பேசுவார்கள். தோட்டத்துக் குடும்பமும் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பமும் கேட்பது ஒன்றே: உழைத்த மண்ணில் அச்சமின்றி உறங்க ஓர் இடம், அதற்குத் தம் பெயரில் ஒரு பத்திரம். அடுத்த ஊர்க்கூட்டத்தில் இதையே முதல் விடயமாக எடுத்துப் பேசுங்கள்.