தராசுக்கு உயிர் தரும் சார்ஜர்

எடைக்கல் போட்டு நிறுத்த காலத்தில் கரண்ட் போனால் நமக்குக் கவலையில்லை. இன்று ஆரணியில் மளிகைக் கடை முதல் பட்டு நூல் கடை வரை எலக்ட்ரானிக் தராசுதான். அதன் உயிர் உள்ளே இருக்கும் பாட்டரி.

ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை எங்கள் கடையில் மின்சாரம் நின்றது. பத்தே நிமிடத்தில் தராசும் அணைந்தது. வாடிக்கையாளர்கள் காத்து நிற்க, நாங்கள் பரண்மேல் பழைய தராசைத் தேடினோம். மறுநாள் மெக்கானிக் அடிமூடியைத் திறந்து, உப்பிக் கிடந்த பாட்டரியைக் காட்டினார். "இது வயதாகிப் போகவில்லை ஐயா, சார்ஜர் கெடுத்தது" என்றார். பழைய அடாப்டர் பழுதானபோது, பின் பொருந்துகிறதே என்று கடைப் பையன் 12 வோல்ட் அடாப்டரை மாட்டியிருந்தான்!

அவர் விளக்கியதை வணிக அன்பர்களும் அறிவது நல்லது. சாதாரண சார்ஜரில் நான்கே வேலைகள். டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டைச் சுமார் 9 வோல்ட்டாகக் குறைக்கிறது. முன்னும் பின்னும் மாறி ஓடும் அந்த மின்சாரத்தை நான்கு டயோடுகள் ஒரே திசையில் ஓட வைக்கின்றன. கண்டென்சர் அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிறது. குழாயைத் திருகி நீரைக் குறைப்பதுபோல், ரெசிஸ்டர் மின்னோட்டத்தை அளவாக விடுகிறது.

தராசுகளில் பெரும்பாலும் இருப்பது 6 வோல்ட் ஈய பாட்டரி. 2 வோல்ட் அறைகள் மூன்று. இது நிறையச் சுமார் 7.2 வோல்ட் போதும். எப்போதும் இணைப்பிலேயே இருந்தால் 6.8 வோல்ட் அளவே தாங்கும். ரெகுலேட்டர் உள்ள சார்ஜர் இந்த அளவில் கட்டுப்படுத்தும். மலிவான சார்ஜருக்கோ பாட்டரி நிறைந்தது தெரியாது; மூட்டை நிரம்பிய பிறகும் கொட்டிக்கொண்டே இருக்கும் கை அது. மிஞ்சிய மின்சாரம் சூடாகவும் வாயுவாகவும் மாறிப் பாட்டரியை உப்ப வைக்கிறது. தச்சர்களின் வயரில்லா டிரில்லிங் மிஷினுக்கு வந்த பழைய எளிய சார்ஜர்களும் இந்த வகைதான்.

ஆகவே அடாப்டர் வாங்கும்போது வோல்ட், மில்லி ஆம்பியர், பிளஸ்–மைனஸ் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். தானாக நிற்காத சார்ஜரை இரவு முழுவதும் விடாதீர்கள். பாட்டரியைக் காலியாகவும் போட்டு வைக்காதீர்கள். உள்தகட்டில் படிவு இறுகிவிடும். முத்திரையிட்ட பகுதியை மட்டும் நாமே பிரிக்கக்கூடாது. 2009 ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் நம்மைக் கேள்வி கேட்கும்.

கரண்ட் போகலாம், எடையில் நாம் சம்பாதித்த நாணயம் போகக்கூடாது.